ஷட்டர் இல்லாத அணை

அணை உடையவில்லை சார். முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். 'அணை உடைஞ்ச ஊரா?' என்று நீங்கள் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது, அதனால்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு கைப்பிடி மண்கூடப் போகவில்லை. இப்போது போய்ப் பார்த்தாலும் கரை அப்படியே நிற்கும், மேலே முளைத்த புல்கூடச் சாயாமல். உடையாத அணையைத் தாண்டி வெள்ளம் வந்து எங்கள் அக்கா வீட்டு ஜன்னல்வரைக்கும் நின்றது. அது எப்படி என்றுதான் ஊரில் ஒவ்வொருத்தரிடமும் கேட்டேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

நீங்கள் எந்த ஆபீஸ்? இல்லை, சும்மா கேட்டேன். ஷூ போட்டிருக்கிறீர்கள். இந்த மினி பஸ்ஸில் ஷூ போட்டு யாரும் ஏறமாட்டார்கள். ஹெட்மாஸ்டரே செருப்புதான். இன்ஸ்யூரன்ஸா? சரி, இன்ஸ்யூரன்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்தப் போனை மட்டும் பைக்குள் போட்டுவிடுங்கள். ரிக்கார்டு ஆகவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். இருந்தாலும் போடுங்கள்.

என் பெயர் பேச்சிராஜ். ஊர் ஆலடிப்பொத்தை. பதினொன்றாவதோடு நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று கேட்கப் போகிறீர்கள், எல்லாரும் கேட்பார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரி சார் பிராக்டிகல் மார்க்கில் வேண்டிய பையன்களுக்குக் கூட்டிப் போடுகிறார் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். 'ஆதாரம் இருக்கா?' என்றார். ஆதாரம் எதற்கு, மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறதே என்றேன். மறுநாள் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பாவுக்கு வாழைக்கு மண் அணைக்கிற வேலை இருந்தது. வரவில்லை. நானும் போகவில்லை. அவ்வளவுதான் கதை.

எங்கள் ஊரில் மலையிலிருந்து கல்லோடை இறங்குகிறது. வருஷத்தில் பாதி நாள் அதில் ஆடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் மலையில் கொட்டினால் ஓடை வெறி பிடித்த மாதிரி வரும். மேலே எங்கள் வாழைத்தோட்டங்கள். கீழே ஓடையை ஒட்டி ஓடைக்கரைத் தெரு. எங்கள் அக்கா செல்வராணியை அந்தத் தெருவில்தான் கட்டிக்கொடுத்தது. அத்தான் கேரளாவில் டைல்ஸ் ஒட்டுகிறார், பண்டிகைக்குப் பண்டிகை வருவார். கல்யாணம் ஆன வருஷமே வெள்ளம் வந்து அக்கா வீட்டுப் பின்சுவர் படுத்துவிட்டது. அந்தத் தெருவே ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தது. அதற்குப் பிறகுதான் கவர்மெண்ட்டில் தோட்டங்களுக்கும் மேலே, ஓடை மலையைவிட்டு இறங்குகிற இடத்தில், குறுக்கே இந்த மண் அணையைக் கட்டினார்கள். இந்தக் கோடையில்தான் முடிந்தது. நல்ல உயரம், நல்ல கரை, நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிய ஒரு ஓரத்தில் கல் பதித்த வழிந்தோடி. அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

எங்கள் ஊர்க்காரனுக்குக் கரை என்றால் குளம் சார். கரை கட்டினால் தண்ணீர் நிற்க வேண்டும். குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடினால் மறுகால் பாய்கிறது என்போம். அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள். திருப்பூரில் இருக்கிறவனுக்கும் துபாயில் இருக்கிறவனுக்கும் வீடியோ கால் போட்டு அந்தத் தண்ணீரைக் காட்டுவோம். பெண்கள் பூவைக் கிள்ளிப் போடுவார்கள். அப்படி ஒரு ஊருக்குப் புதிதாக ஒரு கரை கிடைத்தால் என்ன நினைப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

ஐப்பசியில் முதல் மழை. சாயங்காலம் ஊரே போய்ப் பார்த்தது. அணையில் பாதிக்குத் தண்ணீர் நின்றது, காப்பி நிறத்தில். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. காலையில் சூடத்தோடும் பூவோடும் போனால் அணை காலி சார். சேறு மட்டும் பளபளவென்று கிடக்கிறது. நடுவில் ஒரு நாய் நிற்கிறது.

அப்பா என்னைத்தான் கேட்டார். "என்னலே இது? ஒரே ராத்திரில எவனும் லாரில ஏத்திட்டுப் போயிட்டானா?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கரைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய். ஆட்டுக்குட்டி நுழைகிற அகலம். வாயில் இரும்புக் கம்பி அடித்திருக்கிறது. ஷட்டர் இல்லை. பலகை இல்லை. திருகி மூடுகிற ராடு இல்லை. தண்ணீர் பாட்டுக்கு உள்ளே போய் அந்தப் பக்கம் வெளியே வந்து ஓடையில் போய்க்கொண்டிருக்கிறது. உலகத்தில் எங்கேயாவது ஷட்டர் இல்லாத அணை உண்டா? எங்கள் ஊர்ச் சின்னக்குளத்து மடைக்கே பலகை இருக்கிறது. அதை யார் திறப்பது என்று வருஷா வருஷம் அடிதடியே நடக்கும்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஷட்டரை விற்றுவிட்டார்கள் என்று. காண்ட்ராக்டர் விற்றானா, ஆபீஸில் விற்றார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். விற்றதில் சந்தேகமே இல்லை. கரையில் நின்ற எல்லாரிடமும் சொன்னேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதவர்கள்கூட, "ஆமா, அன்னைக்கு ஒரு டெம்போ இரும்பா ஏத்திட்டுப் போச்சுல்லா" என்றார்கள்.

மறுநாள் அணை கட்டின ஆபீஸிலிருந்து இஞ்சினியர் வந்தார், ஏ.இ. மேடம். ஜெபசெல்வி மேடம். ஸ்கூட்டியில்தான் வருவார், முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரியும். கண் மட்டும் தெரிகிறவர்களை நான் நம்புவதில்லை.

"மேடம், ஷட்டர் எங்க?" என்றேன்.

"ஷட்டர் கிடையாது தம்பி."

"வரவே இல்லையா, வந்து போயிட்டா?"

"டிசைன்லயே கிடையாது. இது குளம் இல்ல. பெரிய வெள்ளம் வந்தா பிடிச்சு நிறுத்தி, அந்தக் குழாய் வழியா மெதுவா விடும். மழை விட்டதும் காலியாயிரணும். அப்பத்தான் அடுத்த வெள்ளத்துக்கு எடம் இருக்கும்."

"காலியா வைக்கதுக்கா மேடம் இம்புட்டு மண்ணு?"

மேடம் சிரித்தார். அங்கேதான் தப்புப் பண்ணினார். அப்பா வயது ஆட்கள் நிற்கிறார்கள், அவர் சிரிக்கிறார். பிறகு பாடம் எடுக்க ஆரம்பித்தார். "வீட்டுக் கூரை ஒழுகுதுன்னா கீழ வாளி வைக்கீங்க. வாளி ஏற்கெனவே நெறஞ்சு இருந்தா என்ன ஆகும்?"

நான் விடுவேனா? "அதுக்காக வாளியில ஓட்டை போட்டு வைப்பாவளா மேடம்?" என்றேன்.

கரை முழுக்கச் சிரிப்பு. அப்பாகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மேடம் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பதில் இருந்தால் சொல்லியிருப்பார்கள் இல்லையா? நான் அப்படித்தான் கணக்குப் பண்ணுவேன்.

அப்புறம் இன்னொன்று. எங்களுக்குக் கீழே அடுத்த ஊர்ப் பெரியகுளம் இருக்கிறது. எங்கள் ஓடைத் தண்ணீர் கடைசியில் அதில்தான் போய் விழும். இந்த வருஷம் முதல் மழையிலேயே அந்தக் குளத்தில் தண்ணீர். மேடம் அந்த ஊர் முக்கில் ஸ்கூட்டியை நிறுத்தி டீ குடித்ததை எங்கள் ஊரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இல்லை, டீ குடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் முக்கிலும் டீக்கடை இருக்கிறது சார்.

அக்காவிடம் இதைச் சொல்லப் போனேன். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள், பாப்பா காலடியில் துணித்துண்டைச் சவைத்துக்கொண்டு கிடந்தது. அந்த மெஷினை வைத்துத்தான் அவள் ஓடைக்கரைத் தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறாள். நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் தலையைத் தூக்கவே இல்லை.

"அந்த மேடம் என் வீட்ல வந்து காப்பி குடிச்சாவ தெரியுமா?" என்றாள். "அப்ப நானும் கூட்டாலே?"

"உன்னைச் சொல்லல."

"இந்த மழைக்கு எந்திரிச்சு ஓடாம வீட்டுக்குள்ள படுத்திருந்தோம்லே. மூணு வருசத்துல மொத தடவ. அணை காலியாத்தான இருந்துச்சு? எனக்கு அது போதும்."

"அது சின்ன மழைக்கா."

"வாசப்படில தண்ணி ஏறுதத நீ பாத்திருக்கியா? பாத்தவளுக்குத்தாம்லே தெரியும். போ, போய் வாழைக்குத் தண்ணி பாய்ச்சு."

வாழைக்குப் பாய்ச்சத் தண்ணீர் எங்கே இருக்கிறது? அதுதானே பிரச்சினையே. எங்கள் கிணற்றில் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றைக் குடித்துக்கொண்டு உறுமும். அப்பா குத்தகைக்கு எடுத்த தோட்டம். குலை தள்ளுகிற சமயம். அணைக்கு நேர் கீழே இருக்கிறது. அணையில் ஒரு மாதம் தண்ணீர் நின்றால் ஊறி ஊறி எங்கள் பக்கத்துக் கிணறு அத்தனையிலும் ஏறும். இதைக் கண்டுபிடிக்க ஏ.இ.க்குப் படிக்க வேண்டியதில்லை.

"அடைச்சிருவமாலே?" என்றார் அப்பா.

தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். ஆனால் அடுக்கியது நான் சார், அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். வாழைத்தோட்டத்தில் வாய்க்காலை அடைக்கிற அதே முறைதான். குலை வெட்டின வாழைத்தடியைக் குறுக்கே வரிசையாகப் படுக்கப் போட வேண்டும். தடி தண்ணீரில் ஊறினால் உப்பி இறுகிக்கொள்ளும். சந்துகளில் காய்ந்த சருகைத் திணித்து, மிதித்து, அதன்மேல் களிமண் மூட்டை. ஒரு மூட்டையின் வாய் அடுத்த மூட்டையின் வயிற்றுக்கு அடியில் போக வேண்டும். அந்தக் கம்பி இருக்கிறதே, அதை எதற்கு வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாரும் குழாய்க்குள் எதையும் சொருகிவிடக்கூடாது என்று. மரக்கிளை வந்து அடைக்காமல் இருப்பதற்காம், மேடம் பிறகு சொன்னார். அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் அந்தக் கம்பியிலேயே சாத்தி அடுக்கினோம். அவர்கள் வைத்த கம்பி எங்களுக்குத்தான் உதவியது.

அடுத்த மழையில் தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு அந்தப் பக்கம் வரவில்லை. நான் குழாயின் வெளிவாயில் கையை விட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த மழையில் நிறைந்தது. கிணறுகளில் தண்ணீர் ஏறியது, அப்பா மோட்டாரை நிறுத்தவே மனசில்லாமல் ஓட்டினார். பிறகு ஒருநாள் காலையில் வழிந்தோடியில் மெல்லிசாக, கண்ணாடி மாதிரி, தண்ணீர் வழிய ஆரம்பித்தது. மறுகால் சார். எங்கள் ஊர் ஜனங்கள் அன்றைக்கு என்னைத் தூக்காத குறைதான். 'பேச்சிதான்பா இஞ்சினியர்' என்று ஒருத்தர் சொன்னார். கெமிஸ்ட்ரி சார் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கும்போது மேடம் வந்தார். துப்பட்டாவை எடுத்தார். அன்றைக்குத்தான் முழு முகத்தைப் பார்த்தேன். சின்ன வயசுதான், எங்கள் அக்காவைவிடக் கொஞ்சம் மூப்பாக இருக்கும்.

"யாரு அடைச்சது?" என்றார்.

எல்லாரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள், மலையைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த மாதிரி நிற்பது பிடிக்காது. "நான்தான்" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "தம்பி, வானிலையில கன மழைன்னு போட்டிருக்கான். இதுக்கு மேல ஒரு வாளி தண்ணி வந்தாலும் இங்க நிக்க எடமில்ல, நேரே கீழதான் போகும். அணை தாங்கும். தெரு தாங்காது" என்றார்.

"அணை தாங்குச்சுன்னா தெருவுக்கு எப்படி மேடம் வரும்?" என்றேன். சரியான கேள்விதானே? அவர் வழிந்தோடியைக் கை காட்டினார். அதில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எவன் பயப்படுவான்?

அப்பா நடுவில் வந்தார். "வாழை குலை தள்ளுத நேரம்மா. ஒரு மாசம் பொறுத்துக்கோங்க. அப்புறம் நாங்களே எடுத்துருதோம்."

"உங்க மக வீடு அந்தத் தெருவுலதான இருக்கு?" என்றார் மேடம்.

அப்பா தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இது நியாயமா சார்? ஒரு வீட்டில் காப்பி குடித்துவிட்டு, அந்த வீட்டையே கொண்டுவந்து நடுச்சபையில் வைப்பது. எனக்கு அப்போதுதான் அந்தக் காப்பியின் அர்த்தம் புரிந்தது. போலீஸோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் வருவதற்குள் மழை வந்துவிட்டது.

மத்தியானம் சார். மலை தெரியவில்லை, அப்படிக் கறுத்துவிட்டது. நான் கரைமேல்தான் நின்றேன், குடை பறந்துவிட்டது. நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் அணைக்குள் விழுகிறது. வழிந்தோடியில் முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு, பிறகு ஒரே சுருட்டாக நுரை தள்ளிக்கொண்டு போகிறது. கரை அசையவில்லை. நான் காலை உதைத்து உதைத்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. இவ்வளவு பெரிய மறுகாலை எங்கள் அப்பா தலைமுறையில்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். வீடியோ எடுத்தேன். நல்ல பாட்டு ஒன்று சேர்த்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

போட்ட உடனே ஓடைக்கரைத் தெருவிலிருந்து ஒரு பையன் பதில் அனுப்பினான். 'அண்ணே, இது இப்ப எங்க வீட்டுக்குள்ள இருக்கு.'

விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

நான் போய்ச் சேரும்போது தெருவே இல்லை. ஓடை மட்டும்தான் இருந்தது. அக்கா பாப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாடிப்படியில் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை, சரி, கையில் பிள்ளை இருந்தது. தண்ணீர் ஜன்னல்வரைக்கும் ஏறி நின்றுவிட்டு இறங்கியது. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தையல் மெஷின் சேற்றுக்குள் குப்புறக் கிடந்தது. தைக்கக் கொடுத்த ஊர்ப் பெண்கள் துணியெல்லாம் வேலி முள்ளில் தொங்கியது. பாப்பாவுக்கு மறுநாள் காய்ச்சல். அந்தத் தெரு மொத்தமும் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. கெமிஸ்ட்ரி லேபில்தான் அக்காவுக்கு இடம். நான் அங்கே போகவில்லை. அப்பா போனார். அப்பாவிடம் அவள் பேசவில்லையாம். அப்பா கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இப்போது ஊரே என்ன சொல்கிறது தெரியுமா? அடைத்தது பேச்சிதான் என்கிறது. அன்றைக்குத் தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டு நின்றவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சரி, அடைத்தேன். இல்லை என்று சொன்னேனா? ஆனால் அணை வெள்ளத்தைத் தடுக்கத்தானே கட்டினது? தடுக்கவில்லை. அப்படியென்றால் யார் குற்றம்? கட்டினவன் குற்றமா, அடைத்தவன் குற்றமா? வழிந்தோடியை அவ்வளவு அகலமாக எதற்கு வைத்தார்கள்? அதைக் கொஞ்சம் ஒடுக்கி வைத்திருந்தால்? நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். ஆமாம் என்று ஆட்டுகிறீர்களா, இல்லை என்று ஆட்டுகிறீர்களா? மேடமும் இப்படித்தான் ஆட்டுவார்.

மேடம் பெரிய டீசல் மோட்டார்களைக் கொண்டுவந்து கரைமேல் வைத்துத் தண்ணீரை இறைத்தார். இறைக்க இறைக்கத் தண்ணீர் இறங்கியது. குழாய் வாயில் மார்பளவு இருக்கும்போது ஆட்களை இறக்கினார். அதில் ஒருத்தன் போய் நேரே அடிமூட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். கிறுக்குப்பயல். அடிமூட்டையை உருவினால் தண்ணீர் அந்தச் சந்து வழியாக உறிஞ்சாதா? காலைக் கம்பியோடு சேர்த்து இழுத்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து அவனைப் பிய்த்து எடுத்தார்கள். முட்டியில் நல்ல அடி. அதிலிருந்து எவனும் இறங்கமாட்டேன் என்கிறான். வலதுபக்க மேல் மூட்டையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பிறகு ஒன்று விட்டு ஒன்று. தடியைக் கடைசியில்தான் தொட வேண்டும். நான் அடுக்கினது, எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு கேட்டார்கள். மேடமே வீட்டு வாசலுக்கு வந்தார். "தம்பி, நீ தண்ணிக்குள்ள இறங்கவே வேண்டாம். கரையில நின்னு எத முதல்ல எடுக்கணும்னு மட்டும் சொல்லு. இன்னொரு மழை வர்றதுக்குள்ள இந்தக் குழாய் திறந்தாகணும். மோட்டார் வச்சு மழைய இறைக்க முடியாது" என்றார். அவர் பின்னால் ஒரு ஆள் நின்றான். கையில் கேமரா.

அதைப் பார்த்துவிட்டேன் சார். வேலை நடந்ததற்குப் போட்டோ எடுக்க வந்தவன் என்றார்கள். எனக்குத் தெரியாதா? நான் கரையில் நின்று 'அந்த மூட்டை, இந்த மூட்டை' என்று விரலை நீட்டினால், விரலோடு போட்டோ. அதுதான் கேஸுக்கு ஆதாரம். 'நான்தான்' என்று அன்றைக்கே சொன்னாயே என்பீர்கள். வெள்ளத்துக்கு முன்னால் சொன்னது வேறு, வெள்ளத்துக்குப் பின்னால் சொல்வது வேறு. உங்களிடம் சொன்னேன், அதுவும் வேறு. நீங்கள் இன்ஸ்யூரன்ஸ்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. மூட்டையை எடுத்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். குழாய் திறந்துவிட்டது. அடுத்த மழை கொட்டுகிறது. தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. அப்போது என்ன சொல்வார்கள்? பார்த்தாயா, இவன் அடைத்ததால்தான் வந்தது என்பார்கள். எடுக்காமல் கிடந்தால் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. அணையும் சந்தேகத்தில் நிற்கும், நானும் சந்தேகத்தில் நிற்பேன். அது பரவாயில்லை. சந்தேகத்தில் நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

கோயம்புத்தூரில் எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் பேக்கரியில் இருக்கிறான். எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லியிருக்கிறான். அங்கேதான் போகிறேன். இந்தப் பைக்குள் துணி மட்டும்தான். பார்க்கிறீர்களா? சரி, வேண்டாம்.

காலையில் அக்கா வந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டுக்குள் வரவில்லை, துணி காயப்போடுகிற கொடிக்கம்பிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏல பேச்சி, உன்னைத் தப்புன்னு ஒத்துக்கச் சொல்லல" என்றாள். "நீ சரியாவே இரு. எனக்கு அது வேண்டாம். நாளைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாவ, பள்ளிக்கூடம் திறக்கணுமாம். நான் இவளைத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுக்குத்தான் போகணும். வேற எங்க போவேன்? அதான் சொல்லுதேன். மேடம் கரையில நிக்காவ. போ. எந்த மூட்டை மொதல்லன்னு கையக் காட்டு. காட்டிட்டு வந்துரு."

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"சரிக்கா" என்றேன்.

"சாப்டியாலே?" என்றாள்.

"சாப்ட்டேன்" என்றேன்.

அவள் போனாள். நான் கரைக்குப் போகவில்லை.